கரியிழைத் துணியும் மோட்டார் உறுப்புகளும்

துணி என்றதும் உடுப்பதும் விரிப்பதும் போர்ப்பதுமே நம் நினைவுக்கு வரும். மோட்டார் காரின் முன்மூடியும் பக்கக் கண்ணாடியின் கூடும் துணியால் ஆனவை என்றால் நெசவாள அன்பர்களுக்கே வியப்பாக இருக்கும். ஆயினும் அது உண்மையே. விலையுயர்ந்த கார்களில் கறுப்பாகவும் பளபளப்பாகவும், மேலே நெசவின் சாய்ந்த வரிகள் தெரியும்படியும் காணப்படும் உறுப்புகள், தறியில் நெய்த துணியைப் பிசினில் தோய்த்து இறுகவைத்தவையாகும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மோட்டார் ஆர்வலர் பலர் இவற்றைத் தம் வீட்டை ஒட்டிய வண்டிக் கொட்டகையிலேயே செய்துகொள்கின்றனர். அவ்வேலை எவ்வாறு நடைபெறுகிறது, நெசவறிவு அதில் எங்கே பயன்படுகிறது, எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பவற்றை ஈண்டு விளக்குவோம்.

கரியான நூல்

நூலைக் கரியாக்கும் எண்ணம் புதியதன்று. 1879இல் தாமஸ் ஆல்வா எடிசன் பருத்தி நூலைக் கரியாக்கி மின்விளக்கினுள் ஒளிரும் இழையாக அமைத்தார். பின்னர் மூங்கில் நாரையும் அவ்வாறே பயன்படுத்தினார். அந்த இழை ஒளி தந்ததேயன்றிப் பாரம் தாங்கவில்லை. 1958இல் அமெரிக்காவில் ரோஜர் பேகன் என்னும் அறிஞர் மிக்க வலிமையுடைய கரியிழைகளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார். 1961இல் ஜப்பானிய அறிஞர் அகியோ ஷிண்டோ, பாலி அக்ரிலோ நைட்ரைல் என்னும் செயற்கை இழையிலிருந்து கரியிழை செய்யும் முறையை வெளியிட்டார். கம்பளிபோல் தோன்றும் அக்ரிலிக் நூலுக்கும் அதுவே மூலப்பொருள். அவ்விழையை இழுத்துப் பிடித்தபடி 200 முதல் 300 டிகிரி வரை காற்றில் சூடாக்குவர். பின்பு பிராணவாயு புகாத உலையில் 1000 டிகிரிக்கும் மேலாகச் சுடுவர். ஏனைய பொருள்கள் ஆவியாய் நீங்கக் கரி மட்டும் இழைவடிவில் எஞ்சும்.

இவ்விழையின் பயனை மோட்டார் உலகம் உணர்ந்தது 1981இல் ஆகும். அவ்வாண்டில் ஜான் பர்னார்ட் வடிவமைத்த மக்லாரன் பந்தயக் காரின் உடற்கூடு முழுவதும் கரியிழையால் ஆக்கப்பட்டது. இத்தாலியில் மோன்சா பந்தயத்தில் அக்கார் மோதிச் சிதைந்தபோது, ஓட்டிய ஜான் வாட்சன் காயமின்றி நடந்து வெளியே வந்தார். அன்றுவரை இருந்த ஐயம் பெரும்பாலும் அகன்றது.

கொட்டகையில் கார் கட்டும் பழக்கம் அதனினும் மூத்தது. 1948இல் லண்டனில் காலின் சாப்மன் என்பவர் பழைய ஆஸ்டின் 7 காரைக் கொண்டு தம் முதற் காரைக் கட்டியது ஒரு சிறு கொட்டகையிலேதான். அவர் நிறுவிய லோட்டஸ் நிறுவனம் 1957இல் கண்ணாடியிழையாலேயே உடல் முழுவதும் அமைந்த எலீட் காரை வெளிக்கொணர்ந்தது. கண்ணாடியிழையில் கை பழகியவர்களே பிற்காலத்தில் கரியிழைக்கும் வந்தனர்.

நெசவாளர் அறிய வேண்டுவன

ஒரு கரியிழையின் குறுக்களவு 5 முதல் 7 மைக்ரான். தலைமயிரின் குறுக்களவில் அது பத்தில் ஒரு பங்கு எனலாம். இத்தகைய இழைகள் மூவாயிரம் சேர்ந்தது துணிக்குரிய ஒரு நூல். இந்நூலில் முறுக்கு இல்லை. பருத்தியின் நார் ஓர் அங்குல அளவே நீளமுடையது, முறுக்கேற்றினாலன்றி நூலாகாது. கரியிழையோ பட்டிழைபோல் அறாது நீள்வது. ஆதலின் முறுக்கு வேண்டுவதில்லை. முறுக்கினால் பிசின் உள்ளே புகுவதும் கடினமாகும். நாம் பாவுக்குக் கஞ்சியிடுவதுபோல் இந்நூலுக்கும் மெல்லிய பூச்சு ஒன்று தருகின்றனர். உராய்வில் இழை அறாதிருக்கவும் பிசினோடு நன்கு ஒட்டவும் அது துணைசெய்யும்.

கரியிழையின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.8 மடங்கு, எஃகின் அடர்த்தியோ 7.85 மடங்கு. இதுவே அதன் பெருமை. ஆனால் இழையின் நீளவாக்கில் இழுக்கும்போதுதான் அதன் முழு வலிமையும் கிட்டும். ஒரு வேட்டியை நெடுக்கிலோ குறுக்கிலோ இழுத்தால் அது எளிதில் நீளாது. மூலைக்கு மூலை இழுத்தால் நெளிந்து கொடுக்கும். கரியிழைத் துணியும் அவ்வாறே. ஆதலின் எல்லா அடுக்குகளையும் ஒரே வாட்டத்தில் இடலாகாது. சிலவற்றைப் பாவும் ஊடையும் நேராக அமையவும், சிலவற்றை 45 பாகை சாய்வாக அமையவும் இடவேண்டும். நேரடுக்கு இழுப்பைத் தாங்கும். சாய்வடுக்கு முறுக்கைத் தாங்கும். மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் ஒரே வரிசையாக வருமாறு அடுக்குவது நன்று. இல்லையேல் தகடு இறுகும்போது கோணிக்கொள்ளும்.

சாதா நெசவு நிலையானது. ஆனால் வளைவுகளில் படியாது. இரண்டு மேலும் இரண்டு கீழுமாகச் செல்லும் சாய்வரி நெசவு வளைவில் நன்கு படியும். ஆகவே கொட்டகை வேலைக்குச் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள சாய்வரித் துணியையே பலரும் கொள்கின்றனர்.

ஒரு கணக்கு

ஒன்றரைச் சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு முன்மூடியின் மேற்தகட்டை எடுத்துக்கொள்வோம். 200 கிராம் துணி நான்கு அடுக்கு எனில் துணியின் எடை 1,200 கிராம். சம எடைப் பிசின் சேர்ந்தால் தகட்டின் எடை 2.4 கிலோ. அதே பரப்பில் 0.7 மில்லிமீட்டர் எஃகுத் தகடு 8 கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும்.

இவ்வளவோடு மகிழ்ந்துவிடலாகாது. நான்கடுக்குத் தகட்டின் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. அதன் நடுவில் அழுத்தினால் அது எஃகைவிட அதிகமாகவே வளையும். வலிமை வேறு, விறைப்பு வேறு என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். தடிப்பு இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். அதனால் இரண்டு அடுக்குகளுக்கும் மற்ற இரண்டிற்கும் நடுவே 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள இலேசான நுரைப்பலகையை வைப்பர். எடை சிறிதே கூடும், விறைப்போ பன்மடங்காகும். கீலும் தாழ்ப்பாளும் வரும் இடங்களில் மட்டும் நுரையை விலக்கித் துணியடுக்குகளையே மிகுதியாக இடவேண்டும்.

வார்ப்பச்சு

முதல் வேலை அச்சு செய்தல். தறியின் அச்சன்று, வார்ப்பதற்குரிய அச்சு. பழைய உறுப்பைக் கழுவி, மெருகிட்டு, அதன்மேல் மெழுகை ஐந்தாறு முறை பூசித் துடைப்பர். அதன்மேல் பாலிவினைல் ஆல்கஹால் கரைசலை மெல்லிய தோலாகப் பூசுவர். ஆலைகளில் பாவுக்குக் கஞ்சியாகப் பயன்படும் பொருளே அது. பிசின் ஒட்டிக்கொள்ளாமல் காப்பதும் தண்ணீரில் கரைந்து நீங்குவதும் அதன் குணம். இதன்மேல் கெட்டியான மேற்பூச்சுப் பிசினும், பின்பு கண்ணாடியிழை அடுக்குகளும் இட்டு அச்சு ஆக்குவர். ஓரங்களில் நான்கு விரல் அகலத்திற்கு விளிம்பு விடவேண்டும். பின்னர்க் காற்றுப்புகாத உறையை ஒட்ட அவ்விடம் தேவைப்படும். அச்சின் முகம் எப்படியோ, உறுப்பின் முகமும் அப்படியே. அச்சில் உள்ள ஒரு கீறலும் தப்பாமல் உறுப்பில் வந்து சேரும்.

பிசினும் வெற்றிடமும்

எப்பாக்சிப் பிசினோடு ஹார்டனர் என்னும் கெட்டியாக்கியைச் சேர்த்தால் அது இறுகும். தயாரித்தவர் கூறிய விகிதத்தைத் தராசில் நிறுத்தே கலக்கவேண்டும். விரைவில் இறுகட்டும் என்று கெட்டியாக்கியைக் கூட்டினால் வேலை கெடும். கூடுதலானது வினையில் சேராமல் உள்ளேயே தங்கித் தகட்டை மென்மையாக்கிவிடும். கலந்த பிசினை ஆழமான கிண்ணத்தில் நிறைய வைத்திருத்தலும் தவறு. வினையின் வெப்பம் வெளியேற வழியின்றிப் புகையும் அளவுக்குச் சூடேறும். சிறிது சிறிதாகக் கலந்து அகன்ற தட்டில் ஊற்றிக்கொள்வதே முறை.

தூரிகையால் பூசி உருளையால் அழுத்துவது எளிய வழி. அதனினும் சிறந்தது வெற்றிட வழி. அச்சில் துணிகளை உலர்ந்தவாறே அடுக்கி, அவற்றின்மேல் பிசின் பற்றாத நைலான் துணியையும் பிசின் ஓடுவதற்குரிய வலையையும் விரித்து, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் படலத்தால் மூடி, விளிம்பைப் பசைநாடாவால் அடைப்பர். ஒருபுறம் பம்பு காற்றை இழுக்க, மறுபுறக் குழாய்வழியே பிசின் துணியினுள் ஊறிப் பரவும். காற்றை முற்றும் நீக்கினால் வளிமண்டலம் சதுர மீட்டருக்குப் பத்து டன் அளவில் துணியை அழுத்தும். பிசின் குழாயைத் திறக்குமுன் பம்பை நிறுத்தி, அழுத்தமானியின் முள் அசைகிறதா என்று சற்று நேரம் பார்க்கவேண்டும். முள் அசைந்தால் எங்கோ காற்றுக் கசிகிறது என்பது பொருள். கசிவோடு பிசினை விட்டால் துணி முழுவதும் குமிழியாகும். பம்பினுள் பிசின் புகாதவாறு இடையே ஒரு கலத்தை வைப்பதும் அவசியம்.

அறை வெப்பத்தில் ஒரு நாள் இறுகியபின் உறுப்பை அச்சிலிருந்து எடுக்கலாம். ஆயினும் வேலை முடிந்ததாகக் கொள்ளலாகாது. வெயிலில் நிற்கும் கறுப்புத் தகடு மிகுதியாகச் சூடேறும். அறை வெப்பத்திலேயே இறுகிய பிசின் அச்சூட்டில் இளகி வடிவம் மாறும். ஆதலின் பிசினைத் தயாரித்தவர் கூறியவாறு 60 முதல் 80 டிகிரி வரை படிப்படியாகச் சூடாக்கிப் பக்குவப்படுத்துவர். சூரிய ஒளியில் எப்பாக்சி மஞ்சளிக்கும். அதைத் தடுக்கும் தெளிந்த வார்னிஷை மேலே பூசவேண்டும். அலுமினியத்தோடு கரியிழை நேரே தொட்டால் ஈரம் பட்ட இடத்தில் அலுமினியம் அரிக்கப்படும். இடையே ஒரு கண்ணாடியிழை அடுக்கு வைத்தால் அது தடைப்படும்.

உடல் காக்கும் முறை

இவ்வேலையில் மிகவும் கவலைக்குரியது பிசினே. இறுகாத எப்பாக்சியும் கெட்டியாக்கியும் தோலில் படப்படச் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை வந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீங்காது. பின்பு சிறு துளி பட்டாலும் தோல் வெடித்துப் புண்ணாகும். நைட்ரைல் கையுறையின்றிப் பிசினைத் தொடலாகாது. பட்டுவிட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவவேண்டும். அசிட்டோனால் துடைத்தால் பிசின் தோலினுள் மேலும் ஊறும்.

இறுகிய தகட்டை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூள் நுரையீரலுக்குத் தீங்கு. தகுந்த முகவடிப்பான் அணிந்து, தண்ணீர் விட்டே தேய்க்கவேண்டும். கரித்தூள் மின்சாரத்தைக் கடத்தும்; சுவிட்சுப் பெட்டியிலும் மோட்டாரிலும் புகுந்தால் மின்கசிவு நேரும். வீட்டை ஒட்டிய கொட்டகையாதலின், தூளேறிய உடையோடு உள்ளே சென்று குழந்தைகளைத் தூக்குவதும் கூடாது.

எல்லை எது?

வீட்டில் செய்யத்தக்கவை, முறிந்தாலும் உயிருக்கு ஊறு விளைக்காதவை. கண்ணாடிக் கூடு, உள்ளலங்காரத் தகடு, இயந்திரத்திற்குக் காற்றுச் செல்லும் குழல் ஆகியன அத்தகையவை. முன்மூடி ஓரளவு பயிற்சிக்குப் பின்னரே செய்யத்தக்கது. ஓடும்போது தாழ்ப்பாள் பிய்ந்து மூடி மேலெழுந்தால் ஓட்டுபவரின் பார்வை மறைந்துவிடும். ஸ்டியரிங், சக்கரம், சக்கரத்தைத் தாங்கும் கைகள், பிரேக், ஆசனப் பட்டை பொருந்தும் இடம் ஆகியவற்றைக் கொட்டகையில் செய்தல் எவ்வாற்றானும் தகாது. எஃகு முறியுமுன் பெரும்பாலும் வளைந்து காட்டும். கரியிழைத் தகடு வளைந்து காட்டாது, திடீரென முறியும். மேற்பரப்பு பளபளவென்றிருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கவும் கூடும். பெருநிறுவனங்கள் அழுத்த உலையில் பக்குவம் செய்து, ஒலியலைகளால் உள்ளே சோதித்துத் தருவது இதனாலேயே.

சட்டத்தையும் மறக்கலாகாது. பிரிட்டனில் ஒருவர் தாமே கட்டிய கார் சாலைக்கு வருமுன் தனி வாகன ஒப்புதல் என்னும் சோதனையில் தேறவேண்டும். நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றோடு முரண்படும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடைசெய்கிறது.

புதிதாகத் தொடங்குவோருக்கு ஒன்று கூறுவோம். முதலில் செய்த உறுப்பை வண்டியில் பூட்டலாகாது. ஒரு காசினால் அதனை எங்கும் தட்டிக் கேட்கவேண்டும். ஒலி கணீரென்று வரும் இடமும் மந்தமாக வரும் இடமும் தெரியும். மந்தமான இடத்தில் அரத்தாளால் குறுக்காக அறுத்து, வெட்டுமுகத்தைப் பூதக்கண்ணாடியால் நோக்கவேண்டும். பாவும் ஊடையும் இடைவெளியின்றிப் படிந்துள்ளனவா, அடுக்குகளிடையே குமிழி உண்டா, பிசின் வறண்ட இடம் உண்டா என்பன யாவும் அங்கே புலப்படும். நெய்த துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து இழைதப்பிய இடத்தைக் கண்டுகொள்ளும் கண்ணுக்கு இது அரிய வேலையன்று. அவ்வெட்டுமுகம் குறையின்றித் தோன்றும்வரை, செய்தவற்றை அறுத்துப் பார்ப்பதற்கே வைத்துக்கொள்வது நலம்.