சுழலாது நின்ற கணிப்பொறி விசிறி

மின்சாரம் பாயுமிடத்து வெப்பம் தோன்றுதல் இயல்பு. கணிப்பொறி ஏற்கும் மின்னாற்றலும் இறுதியில் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே மாறுகின்றது. அவ்வெப்பத்தை வெளியேற்றும் பொருட்டுப் பெட்டியின் முன்னும் பின்னும் விசிறிகள் அமைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்று நின்றுவிடின் பொறி உடனே கெட்டுவிடுவதில்லை. வெப்பம் மிகும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். மேலும் மிகுந்தால் பொறி திடீரென நின்றுவிடும். அப்போது, சேமித்து வைக்கப்படாத மாணவர் மதிப்பெண்களும் களப் பணியாளரின் அளவைக் குறிப்புகளும் இழக்கப்படும். சிறியதோர் உறுப்பின் பொருட்டுப் பொறி முழுவதையும் பயனற்றதென ஒதுக்குவாரும் உளர். ஆதலின் இக்குறையை ஆராயும் முறையை அறிந்திருத்தல் நன்று.

பெட்டி விசிறிகளுள் பெரும்பாலானவை 12 வோல்ட் நேர் மின்னோட்டத்தில் இயங்குவன. 80, 120, 140 மில்லிமீட்டர் என்பன வழக்கிலுள்ள அளவுகள். இலைகளின் நடுக்குடத்தினுள் வளைய வடிவமான காந்தம் ஒன்று உண்டு. கம்பிச் சுருள்கள் அசையாத பகுதியில் உள்ளன. எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்தும் சிறு உணர்வி ஒன்று, காந்த முனையின் நிலையை அறிந்து, சுருள்களில் பாயும் மின்னோட்டத்தை உரிய தருணத்தில் மாற்றுகின்றது. இதில் கரித்துண்டுகள் இல்லை. எனவே உராய்ந்து தேய்வது அச்சைத் தாங்கும் பேரிங் ஒன்றே.

மூன்று கம்பிகளையுடைய விசிறியில் ஒன்று தரைக்கம்பி. மற்றொன்று மின்சாரம் தருவது. மூன்றாவது வேகத்தை அறிவிப்பது. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகள் இதன் வழியே செல்கின்றன. நிமிடத்திற்கு 1,200 முறை சுழலும் விசிறி, நொடிக்கு 40 துடிப்புகளை அனுப்பும். நான்காவது கம்பி இருப்பின் அது வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கென அமைந்தது.

விசிறி நின்றிருப்பதைக் கண்டவுடன், அது பழுதுதானா என்று முதற்கண் கேட்டல் வேண்டும். வெப்பம் குறைந்திருக்கையில் விசிறி ஓய்ந்திருக்குமாறு சில பொறிகளில் ஏற்பாடு உண்டு. பொறிக்குச் சிறிது நேரம் கடுமையான வேலை கொடுத்துப் பார்க்கவும். சூடேறிய பின்னும் அசையாதாயின் மேலே ஆராய்க.

பொறியை முறைப்படி நிறுத்தி, மின்கம்பியைச் சுவரினின்றும் பிடுங்கிவிடவும். பின்னர், பொறியின் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தை வடியச் செய்க. பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பின்னரே உள்ளே கை வைத்தல் வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை எக்காரணம் பற்றியும் திறத்தலாகாது. அதனுள்ளிருக்கும் மின்தேக்கிகளில் உயிருக்கு ஊறு விளைக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

இப்போது இலைகளை விரலால் மெல்லச் சுழற்றுக. கம்பி ஏதேனும் இலையில் சிக்கியிருந்தால் அதனை ஒதுக்கிக் கட்டவும். இறுக்கமாகவோ நறநறவென்றோ சுழன்றால் புழுதியோ பேரிங்கின் தேய்வோ காரணமாகும். புழுதியை மென்மையான தூரிகையால் அகற்றுக. காற்றை ஊதித் துடைப்பதாயின் இலைகளைக் கையால் பிடித்துக் கொள்ளல் வேண்டும். இன்றேல் விசிறி அளவுகடந்து சுழன்று பேரிங் கெடும். துடைத்த பின்னும் இறுக்கம் தீராவிடில் விசிறியை மாற்றுதலே தக்கது.

இலைகள் தடையின்றிச் சுழல்கின்றனவெனில் குறை மின்சார வழியில் உள்ளது. இணைப்பானைக் கழற்றி மீண்டும் நன்கு செருகுக. அப்போதும் இயங்காவிடில், அதே விசிறியைத் தாய்ப்பலகையின் வேறொரு விசிறி முனையில் இணைத்துப் பார்க்கவும். இணைப்பை மாற்றும்போதெல்லாம் மின்கம்பி பிடுங்கப்பட்டிருத்தல் வேண்டும். புதிய இடத்தில் அது சுழன்றால் விசிறி நல்லது. பழைய முனையிலோ அதன் அமைப்பிலோ குறை உள்ளது. அங்கும் சுழலாவிடில், நன்கு இயங்கும் வேறொரு விசிறியைப் பழைய முனையில் இணைக்கவும். அது சுழன்றால் முதல் விசிறியே பழுதானது என்பது உறுதியாகும்.

முனையின்மீது ஐயம் எழுந்தால், பயாஸ் அமைப்பில் விசிறியின் வேகத்தை முழு அளவிற்கு உயர்த்திப் பார்க்கவும். நின்ற விசிறியைத் தொடக்குவதற்கு, ஓடும் விசிறியை ஓட்டுவதைவிட மிகுதியான மின்னழுத்தம் தேவைப்படும். வேகம் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருப்பின், விசிறி சற்றே துடித்து நின்றுவிடுவது இதனாலேயே. பழைய விசிறிகளில் பேரிங்கின் எண்ணெய் உலர்ந்திருப்பதும் இத்தகைய குறையைத் தோற்றுவிக்கும்.

புதிய விசிறி வாங்குங்கால் அளவு, வோல்ட், கம்பிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பழையதனோடு ஒப்பிடுக. காற்று செல்லும் திசையையும் மறவாது நோக்குக. திசை மாறிப் பொருத்திய விசிறி, சுழன்றும் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தை வெளியேற்றாது.

ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றி, விளைவைக் கண்டு, பின்னர் அடுத்ததற்குச் செல்லுதலே இங்குக் கூறிய முறையின் சாரம். ஆசிரியர்கள் இதனை மாணவர் முன்னிலையில் செய்து காட்டுவார்களாயின், பழுதும் நீங்கும். சோதனை முறை இன்னதென்பதும் மாணவர் உள்ளத்தில் பதியும்.