ஒரு கொத்தும் ஒரு திறப்பும்

ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று கையில் எதை எடுத்தீர்கள்? புத்தளம் கரையோரக் குடியிருப்புகளில் இக்கேள்வியைக் கேட்டபோது எவரும் உடனே பதில் சொல்லவில்லை. சற்று நேரம் சென்ற பின் ஒருவர் உள்ளே போய் ஒரு திறப்பைக் கொண்டு வந்தார். இன்னொருவர் ஓரம் கிழிந்த கலியாணப் படத்தைக் காட்டினார்.

1990 ஒக்டோபர் மாதத்தை எம் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. வடமாகாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் சில நாட்களுக்குள் வெளியேற்றினர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசல் இழந்தனர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள்தான். மன்னார்த் தீவு மக்கள் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். நகையும் பணமும் வழியிலேயே பறிபோயின. அந்நேரம் புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்டதை நாம் மறக்கலாகாது.

பாலாவிப் பக்கத்தில் நாம் சந்தித்த வயதான உம்மா ஒருவர் முசலிப் பகுதியைச் சேர்ந்தவர். அவர் வைத்திருப்பவை இரண்டே பொருட்கள். ஒன்று வீட்டுத் திறப்பு. மற்றது நெளிந்துபோன ஒரு பித்தளைக் கொத்து.

"இத எடுக்கோணும் எண்டு எடுக்கயில்ல மகன். வழிச் செலவுக்கு அரிசி அளந்து கட்டினன். அவசரத்தில கொத்தும் பையோட வந்திட்டுது. நகையெல்லாம் போய், இந்த ஓட்டக் கொத்து வந்திருக்கே எண்டு அவர் ஏசினார்" என்று சிரிக்கிறார்.

அவரது கணவர் வயல்காரர். சூடு மிதித்து முடிந்ததும் களத்திலேயே ஏழைகளின் பங்கை அந்தக் கொத்தால்தான் அளந்து கொடுப்பாராம். முகாமுக்கு வந்த பின் நிவாரண அரிசியை அதே கொத்தால் அளந்து பானையில் போட்டார். பகலில் கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலி வேலை. இரவில் கிடுகுக் கொட்டிலின் வாசலில் இருந்து மகனுக்குத் தன் காணியின் எல்லைகளைச் சொல்லுவார். வடக்கே வாய்க்கால், மேற்கே பெரிய பாலை மரம் என்று ஒவ்வொன்றாக. மகன் கேட்டான், எழுதி வைக்கவில்லை. தகப்பன் முகாமிலேயே மௌத்தானார்.

2009இல் யுத்தம் முடிந்த பின் மகன் ஊருக்குப் போனான். திறப்புக்குரிய கதவு இல்லை, வீடும் இல்லை. வயலில் ஆளுயரக் காடு. உறுதியோ இடம்பெயர்ந்த நாளிலேயே தொலைந்திருந்தது.

"மூண்டு பக்கமும் எனக்குத் தெரியும். கிழக்கால ஆர்ர காணி எண்டது மட்டும் ஞாபகம் வருகுதில்ல. அவர் இருந்தாச் சொல்லுவார்" என்கிறார் உம்மா. கொத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இதைச் சொன்னார்.

இது ஒரு குடும்பத்தின் கவலை மட்டுமல்ல. முசலியில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி சூழ்ந்த நிலங்கள் 2012இலும் 2017இலும் வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளாக அறிவிக்கப்பட்டபோது, எங்கள் காணி இதற்குள் இருக்கிறது என்று பலர் முறையிட்டனர். அப்படி முறையிடுபவரிடம் முதலில் கேட்கப்படுவது எழுத்திலுள்ள சான்றுதான்.

ஆகவே வாசகர்களே, உங்கள் பெட்டியிலுள்ள நினைவுப் பொருட்களை இந்த வாரமே வெளியில் எடுங்கள். அது யாருடையது, எந்த ஊரில் எதற்குப் பாவித்தது என்று பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவியுங்கள். மூத்தவர்களிடம் காணியின் நான்கு எல்லைகளையும், குளம், வாய்க்கால், மரம், அயற்காணிக்காரர் பெயர் என்பவற்றையும் கேட்டுக் குறியுங்கள். பதிவு செய்த உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கிடைக்குமா என்று தேடுங்கள். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பழைய கடதாசிகளைப் பொலித்தீன் உறையிலிட்டு உப்புக் காற்றுப் படாமல் வையுங்கள். பிரதி ஒன்றை வேறு வீட்டிலும் வையுங்கள்.

கொத்து காணியைத் திருப்பித் தராது. திறப்பு எந்தக் கதவையும் திறக்காது. ஆனால் அவற்றை எடுத்து வைக்கும்போதுதான் வாய் திறக்கிறது, போனவர்களின் பேச்சும் திரும்பி வருகிறது.

நாம் புறப்படும் வேளை, புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்த பேத்தி கொப்பியும் பேனையுமாக உம்மாவின் அருகில் வந்து அமர்ந்தாள். வடக்கு, தெற்கு, மேற்கு என்று மூன்று வரிகள் எழுதினாள். கிழக்குக்கென ஒரு வரியை வெறுமையாக விட்டாள். அந்த ஊர் அயலவர் ஒருவர் தில்லையடியில் இருக்கிறாராம். நாளைக்கே போய்க் கேட்கப் போவதாகச் சொன்னாள்.