மடி ஒன்றே காவலா?

அரூரிலிருந்து தீர்த்தமலை செல்லும் பேருந்திலே ஏறிப் பாருங்கள், தோழர்களே! தாயின் மடியிலே சேய். தாயின் கையே தடுப்பு. வேறு காவல் ஏது?

கை போதாதா என்பீர். போதாது! 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி மோதிக் கணத்தில் நின்றால், பத்துக் கிலோ குழந்தை நூறு கிலோ மூட்டையாக முன்னே பாயும். எந்தத் தாயால் இழுத்துப் பிடிக்க முடியும்?

சில வேன்களில் இடுப்புவார் உண்டு. மகிழ்ந்துவிடாதீர்! பெரியவருக்கு அது இடுப்பெலும்பில் பதியும். சேயின் எலும்பு முதிராதது. வார் வயிற்றுக்கு ஏறி, குடலையும் முதுகெலும்பையும் வதைக்கும். ஆகவே, தொடையோடு ஒட்டித் தாழ்வாக, இறுக்கமாகக் கட்டுங்கள். தாயையும் சேயையும் ஒரே வாரில் பிணைக்காதீர்; தாயின் பாரமே சேயை நசுக்கும். தோளையும் தாங்கும் குழந்தை இருக்கை உண்டு, இடுப்புவாராலேயே அதைப் பொருத்தலாம். விலையைக் கேட்டால்தான் உழைப்பாளிக்கு மயக்கம் வரும்!

14 வயதுக்குட்பட்டோரை வாரின்றி ஏற்றினால் 1000 ரூபாய் தண்டமாம். 2019 திருத்தச் சட்டம் சொல்கிறது. வாரே இல்லாத வண்டியில் எதைக் கட்டுவது?

2012 ஜூலையில், தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தளத்து ஓட்டை வழியே விழுந்து மாண்டாள் ஒரு சிறுமி. பள்ளிப் பேருந்துகளுக்கான தனி விதிகள் அதன் பிறகே, அதே ஆண்டிலே பிறந்தன. பிஞ்சைப் பறிகொடுத்த பின்தானா விதி எழுத வேண்டும்?

வரும் கிராமசபையிலே எழுந்து கேளுங்கள்: எங்கள் பிள்ளைகள் ஏறும் வண்டியில் வார் உண்டா? எத்தகைய வார்? நாமும் கேட்போம்.