கடலும் கடனும்

கடலைக் களமாகக் கொண்ட கதைகள் எல்லா நாட்டினர்க்கும் இனியவை. அவற்றுள்ளும் கடற்கொள்ளையர் கதைக்குத் தனிக் கவர்ச்சி உண்டு. கொள்ளையடித்தல் கொடுஞ்செயலே, ஆயினும், எவர்க்கும் அடங்காது அலைமேல் திரியும் வாழ்வை அச்சமற்ற தொலைவிலிருந்து காணும்போது மனம் துள்ளுகிறது. அமெரிக்கத் திரைப்படத் துறையினர் இதனை நெடுநாள் முன்னரே அறிந்திருந்தனர். 1926-ஆம் ஆண்டில் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸும், 1935-ஆம் ஆண்டில் எரால் ஃபிளினும் வாளேந்திக் கப்பல் தளத்தில் தாவிய படங்கள் பெரும்புகழ் பெற்றன. பின்னர் இவ்வகைப் படங்களுக்கு இருந்த மதிப்புக் குறைந்தது. 1995-இல் பெரும்பொருள் செலவிட்டு எடுத்த ஒரு படம் படுதோல்வி அடையவே, கொள்ளையர் கதை இனிக் கரையேறாது என்றே பலரும் எண்ணினர்.

அவ்வெண்ணத்தை மாற்றியது, 2003-இல் வெளிவந்த 'பைரட்ஸ் ஆஃப் த கரீபியன்' என்னும் படம். டிஸ்னி நிறுவனத்தாரின் கேளிக்கைப் பூங்காவில் 1967 முதல் நடைபெற்றுவரும் படகு விளையாட்டு ஒன்றே அதற்கு வித்து. ஜானி டெப் என்னும் நடிகர், தள்ளாடும் நடையும் தந்திரப் பேச்சும் உடைய ஜாக் ஸ்பாரோ என்னும் கப்பல் தலைவனாக அதில் தோன்றினார். அதன் தொடர்ச்சியாக 'டெட் மேன்ஸ் செஸ்ட்' என்னும் இரண்டாம் படம் 2006-இல் வந்தது. 'இறந்தவனின் பேழை' என்பது அப்பெயரின் பொருள். இரண்டையும் இயக்கியவர் கோர் வெர்பின்ஸ்கி. இரண்டாவது படம் உலகெங்கும் 100 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது.

வென்ற கதைக்குத் தொடர்ச்சி எழுதுவோர் பெரும்பாலும் முன்னதையே பெரிதாக்கிக் காட்டுவர். பத்து வாள் இருந்த இடத்தில் நூறு வாள் வைப்பர். இப்படத்திலும் அவ்வாரவாரம் இல்லாமல் இல்லை. எனினும் இதன் உயிர்நிலை வேறு. 'கருமுத்து' எனப் பொருள்படும் பிளாக் பேர்ல் என்னும் தன் கப்பலை ஜாக் எங்ஙனம் பெற்றான் என்னும் வினாவை எழுப்பி, அதன் விடையாக ஒரு கடனை முன்வைக்கிறது இக்கதை. கடலில் மூழ்கிய அக்கப்பலை மீட்டுத் தந்தவன் டேவி ஜோன்ஸ் என்னும் ஆழ்கடல் வேந்தன். பதின்மூன்று ஆண்டுகள் ஜாக் அதன் தலைவனாய் இருக்கலாம். பின்னர் நூறாண்டு ஜோன்ஸின் கப்பலில் அடிமை செய்தல் வேண்டும். இதுவே உடன்படிக்கை. தவணை முடிந்தது, கடன்காரன் வந்துவிட்டான்.

இங்கே நகைப்பூட்டும் வழக்கு ஒன்று நிகழ்கிறது. இரண்டாண்டுகளே தான் தலைவனாக இருந்ததாகவும், பின்னர் மாலுமிகள் கலகம் செய்து தன்னைத் துரத்திவிட்டதாகவும் ஜாக் முறையிடுகிறான். அவ்வாறாயின், இத்தனை ஆண்டுகளாகக் காண்போர் அனைவரிடமும் தன்னைக் கப்பல் தலைவன் என்றே கூறிக்கொண்டது ஏன் என வினவுகிறான் ஜோன்ஸ். தற்பெருமையே சான்றாக வந்து நிற்கிறது!

ஜோன்ஸை வெல்ல ஒரு வழியே உண்டு. காதலில் நொந்த அவன் தன் இதயத்தைத் தானே அறுத்தெடுத்துப் பேழையில் இட்டுப் பூட்டிப் புதைத்து வைத்துள்ளான். ஏழு கடலுக்கும் ஏழு மலைக்கும் அப்பால் உள்ள கிளியின் உடலில் தன் உயிரை ஒளித்துவைத்த அரக்கனின் கதையைப் பாட்டியிடம் கேட்டவர்க்கு இது புதிதன்று. உயிரை உடலுக்கு வெளியே மறைத்துவைக்கும் கதை உலகின் பல மொழிகளிலும் வழங்குகிறது.

அப்பேழையைத் தேடுவோர் ஒருவரல்லர். ஜாக் தன் கடனினின்று தப்ப விழைகிறான். வில் டர்னர் என்னும் இளைஞன், ஜோன்ஸின் கப்பலில் அடிமையாக வாடும் தன் தந்தையை மீட்க விழைகிறான். நாரிங்டன் என்பவன், இழந்த கடற்படைப் பதவியை மீண்டும் பெற விழைகிறான். உருண்டோடும் நீராலைச் சக்கரத்தின் மேலும் உள்ளும் நின்று இம்மூவரும் வாட்போர் புரியும் காட்சி புகழ்பெற்றது. வியப்பு வெறும் சக்கரத்தால் மட்டும் விளைந்ததன்று. மூவர் பக்கமும் ஒரு நியாயம் இருத்தலால், எவர் வெல்லவேண்டும் என விரும்புவது என்று அறியாது காண்போர் தடுமாறுகின்றனர்.

ஜோன்ஸின் உருவமும் தனியே கூறத்தக்கது. தாடிக்கு மாறாகக் கணவாயின் கைகள் நெளியும் முகம். ஒரு கை நண்டின் கொடுக்கு. பில் நை என்னும் நடிகர் புள்ளிக் குறிகள் இட்ட சாம்பல் நிற உடையணிந்து ஏனையோருடன் நின்று நடித்தார். அவர் அசைவையும் முகக் குறிப்பையும் அடியொற்றிக் கணிப்பொறியால் அவ்வுருவைப் படைத்தனர். காட்சி விந்தைகளுக்கான ஆஸ்கர் பரிசு 2007-இல் இப்படத்திற்குக் கிடைத்தது.

வரலாற்றை இப்படத்தில் தேடுதல் வீண். சென்னையில் கோட்டை கட்டிய கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரால் ஓர் அதிகாரி கரீபியக் கடலை ஆள முயல்வதாகக் கதை செல்கிறது. அக்கும்பினிக்கு வழங்கப்பட்ட வாணிக உரிமையோ கீழ்த்திசை நாடுகளுக்கு உரியது. தீவு மக்களை நரமாமிசம் உண்போராகக் காட்டியது இதனினும் பெரிய குறை. அப்பகுதியின் தொல்குடியினர் படம் வெளிவருமுன்பே இதனைக் கண்டித்தனர்; அவர்தம் சினம் முறையானதே.

முடிவுக்கு முன் வரும் ஒரு காட்சியில் கதை தன் உச்சத்தை அடைகிறது. ஜோன்ஸ் ஏவிய கிராக்கன் என்னும் பூதவிலங்கு கருமுத்தைப் பற்றி நெரிக்கிறது. ஜாக்கோ தோழரைக் கைவிட்டுச் சிறு படகில் தனியே தப்பிச் செல்கிறான். அவனிடம் ஒரு திசைகாட்டி உண்டு. அது வடக்கைக் காட்டாது. வைத்திருப்பவன் உள்ளம் மிக விரும்பும் பொருள் இருக்கும் திசையையே காட்டும். படம் தொடங்கியது முதல் அவன் கையில் அது நிலைகொள்ளாது சுழன்றது; தான் வேண்டுவது யாதென அவனே அறியான். இப்பொழுது அதனைத் திறந்து பார்க்கிறான். பின் எரியும் கப்பலைத் திரும்பி நோக்குகிறான். மீண்டும் அவனைக் காணும்போது, துப்பாக்கி ஏந்திக் கப்பலின் தளத்தில் நிற்கிறான்.

தோழர்கள் பிழைத்தனர். ஜாக்கைப் பாய்மரத்தில் விலங்கிட்டு நிறுத்தியவளும் அத்தோழருள் ஒருத்தியே. விலங்கு வேண்டுவது ஜாக்கைத்தான், ஏனையோரை அன்று என அவள் உணர்ந்திருந்தாள். விலங்கைக் கழற்றிக்கொண்ட ஜாக், வாளை உருவியபடி அதன் வாய்க்குள்ளேயே பாய்ந்தான். கப்பலும் தலைவனும் ஒருங்கே மூழ்க, கதை அவ்வளவில் நின்றது. எஞ்சியதை அறியக் காண்போர் 2007-ஆம் ஆண்டு மே மாதம் வரை காத்திருந்தனர்.