காசிக்கு இரண்டரை மணி நேரம்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து காசி விமான நிலையம் வரை வான்வழியே நேர்கோட்டில் அளந்தால் சுமார் 1,410 கிலோமீட்டர். நேரடி விமானம் அதை ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. இருப்புப்பாதை வளைந்து செல்வதால் இரயிலில் தூரம் 2,000 கிலோமீட்டரைத் தாண்டும், ஒன்றரை நாளாகும். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் அவதரித்த குமரகுருபர சுவாமிகள் காசியில் கேதார கட்டத்தருகே மடம் நிறுவிய காலத்திலோ, அது மாதக்கணக்கான யாத்திரை. திரும்புவது நிச்சயமில்லை என்றெண்ணி, வீட்டாரிடம் முறையாக விடைபெற்றே அந்நாளில் புறப்பட்டார்கள்.

ஆயினும் இரண்டரை மணி நேரம் என்பது பாபத்பூர் வரையில்தான். லால் பகதூர் சாஸ்திரியின் பெயர் தாங்கிய விமான நிலையம் அங்கேதான் உள்ளது. அங்கிருந்து நகருக்குள் செல்ல ஏறக்குறைய 25 கிலோமீட்டர். நெரிசல் வேளையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். வண்டி கோதௌலியா வரைதான் துணை. பிறகு சந்துகளும் படிக்கட்டுகளும் முழங்கால்களுக்கு உரியவை. மீனம்பாக்கத்தில் இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டியதையும் கூட்டினால், வாசற்படி தாண்டியதிலிருந்து விசுவநாதர் சன்னிதி வரை ஒரு பகற்பொழுது சரியாக இருக்கும். நேரடி விமானம் வாய்க்காமல் டில்லியிலோ ஹைதராபாத்திலோ மாறிச் செல்பவர்களுக்கு அதுவும் போதாது. நடக்க இயலாதவர்கள் சக்கர நாற்காலி வேண்டுமென்று பயணச்சீட்டு எடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

மார்கழி, தை மாதங்களில் கங்கைச் சமவெளியை மூடும் பனிமூட்டம் வேறு. ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படாத காலை வேளைகளில் விமானங்கள் தாமதமாகும். சில ரத்தாவதும் உண்டு. சுற்றிப் பார்க்கச் செல்பவருக்கு அது வெறும் சலிப்பு. பிதுர் காரியத்துக்குத் திதி குறித்துச் செல்பவருக்கோ, தவறிய திதி அந்த ஆண்டில் மீண்டும் வாராது. அத்தகையோர் ஒரு நாளாவது முன்னதாகக் காசியில் இருப்பதே முறை.

இராமேஸ்வரத்தில் தொடங்கி, சேது மணலைப் பிரயாகையின் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, கங்கை நீருடன் திரும்பி இராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வித்தால்தான் யாத்திரை பூர்த்தியாகும் என்பது பெரியோர் வழக்கு. இவ்விரு தலங்களுக்கும் இடையே வானில் நேர்க்கோட்டில் சுமார் 1,820 கிலோமீட்டர். இராமேஸ்வரத்தில் விமான நிலையம் இல்லை. மதுரையில் இறங்கிச் சாலையிலோ இரயிலிலோ இன்னும் 170 கிலோமீட்டர் செல்ல வேண்டும்.

மூட்டையின் கணக்கும் முக்கியம். உள்நாட்டு விமானங்களில் ஒருவர் ஒப்படைக்கும் பெட்டிக்குப் பொதுவாக 15 கிலோ வரைதான் இலவசம். ஒரு லிட்டர் கங்கை நீர் ஒரு கிலோ. உறவினர் அனைவருக்குமாகப் பெரிய கலன்களில் நிரப்பிக்கொண்டால் துணிமணிக்கு இடமிராது. வாய் பற்றவைத்து மூடிய சிறு செம்புகள் காசிக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைத் துணியில் சுற்றி, ஒப்படைக்கும் பெட்டியில் வைப்பது பாதுகாப்பு. கொப்பரைத் தேங்காயை மட்டும் வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும். எண்ணெய்ச் சத்து மிகுந்து எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் விமானத்தில் அதற்கு இடமில்லை.

அபிஷேகத்துக்குரிய செம்பை மற்றவற்றோடு கலவாமல் தனியே அடையாளமிட்டு வைப்பது வழக்கம். இராமேஸ்வரம் சேர்ந்ததும் அக்னி தீர்த்தத்தில் நீராடி, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் ஸ்நானம் செய்து, ஈரம் மாற்றி உலர்ந்த ஆடையுடன் அச்செம்பைச் சன்னிதிக்கு எடுத்துச் செல்கிறார்கள்.