ஐஸ் இல்லாத ஊரில் ஐஸ் ஹாக்கி



நம் பாறசாலையில் ஐஸ் என்றால் இரண்டு வகைதான். ஒன்று, மீன் பெட்டிக்குள் உடைத்துப் போடும் ஐஸ். மற்றொன்று, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வாங்கித் தின்னும் குச்சி ஐஸ். அதன் மேல் நின்று ஓடி ஹாக்கி ஆடலாம் என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பலசரக்குக் கடை போட்டவர்கள். வீட்டுக்காரர் அபுதாபியில் வேலை. அங்கிருந்து மகனுக்குச் சக்கர ஸ்கேட் ஒரு ஜோடி வாங்கி அனுப்பியிருந்தார். பன்னிரண்டு வயதுப் பையன். மாலை நேரத்தில் இஞ்சிவிளைப் பக்கம் வண்டி போகாத சிமெண்ட் பாதையில் அதைப் பூட்டிக்கொண்டு ஓடுவான். கையில் தென்னை மட்டை, காலடியில் ஒரு ரப்பர் மூடி. டெலிவிஷனில் ஐஸ் ஹாக்கி பார்த்து வந்த ஆசை.

ஒருநாள் என்னைக் கண்டதும் நின்று கேட்டான்: "மாமா, இந்த ஆட்டத்துக்கு நம்ம நாட்டுல டீம் உண்டா? என் வயசுப் பிள்ளைகளைச் சேர்ப்பாங்களா?"

அவன் அம்மா வாசலில் நின்றபடியே, "அண்ணாச்சி, நீங்களும் சேர்ந்து ஏத்திவிடாதீங்க. விழுந்து கை கால் ஒடிஞ்சா நான் ஒத்தையில எங்க தூக்கிட்டு ஓடுவேன்? பத்தாம் வகுப்பு வேற வருது" என்றார்.

இருவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பதில் தெரியாமல் எதையாவது சொல்லக் கூடாதென்று தேடிப் படித்தேன். அதையே இங்கே எழுதுகிறேன். பிள்ளையின் ஆசைக்கும் தாயின் பயத்துக்கும் நடுவில் நிற்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு.

ஆட்டம் எப்படி?

சுமார் 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் வரை அகலமும் உள்ள பனித்தளம். ஒவ்வொரு பக்கமும் கோல்காப்பாளரோடு ஆறு பேர். இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதிகள். பந்துக்குப் பதில் 'பக்' என்னும் தட்டையான கெட்டி ரப்பர் வட்டு. அதன் எடை ஏறத்தாழ 160 கிராம். வேகமாக வந்து பட்டால் கல் பட்டதுபோல் இருக்கும். அதனால் தலைக்கவசம், தோள், முழங்கை, முழங்கால் கவசங்கள், கையுறை எல்லாம் உண்டு. 18 வயதுக்குட்பட்டவர்கள் முகம் முழுவதையும் மூடும் கவசம் அணிந்தே ஆட வேண்டும் என்பது சர்வதேச விதி. ஒருவர் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக முழு மூச்சில் ஓடிவிட்டு வெளியே வருவார். அடுத்தவர் உள்ளே போவார். ஆட்டம் நிற்காமலே ஆள் மாறிக்கொண்டிருக்கும்.

தளத்துக்குப் பனிக்காலம் வேண்டும் என்பதில்லை. கான்கிரீட்டுக்குள் குழாய் பதித்துக் குளிர்திரவத்தை ஓடவிட்டு, மேலே தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி உறைய வைக்கிறார்கள். நம் வீட்டு ஃபிரிட்ஜின் வேலைதான், அளவுதான் பெரிது. இதனால்தான் பாலைவன அபுதாபியிலும் ஐஸ் ஹாக்கி நடக்கிறது. செலவோ நிறைய, மின்சாரம் நின்றால் தளம் தண்ணீராகிவிடும்.

ஏணியின் கடைசிப் படி

சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு 20 வயதுக்குட்பட்டோருக்கும் 18 வயதுக்குட்பட்டோருக்கும் தனித்தனியே உலகப் போட்டிகள் நடத்துகிறது. 20 வயதுப் போட்டி 1977 முதலும், 18 வயதுப் போட்டி 1999 முதலும் நடக்கின்றன. 2008-ஆம் ஆண்டு 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான போட்டியும் சேர்ந்தது. உச்சப் பிரிவில் கனடா, அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து போன்ற நாடுகள். அதற்குக் கீழே முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று படிகள். ஒரு பிரிவில் முதலாவதாக வரும் அணி அடுத்த ஆண்டு மேலே ஏறும். கடைசியாக வரும் அணி கீழே இறங்கும்.

கீழ்ப் படிகளில் ஆடிய நாடுகளின் பெயரைப் பாருங்கள்: தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, துருக்கி, பல்கேரியா, ஐஸ்லாந்து. இவற்றில் சில நாடுகளில் விரல் விட்டு எண்ணக்கூடிய தளங்களே உண்டு. அந்தப் பிள்ளைகளை ஒரேயடியாகக் கனடாவோடு மோதவிட்டால் ஒரு நாளில் மனம் உடைந்து மட்டையைக் கீழே போட்டுவிடுவார்கள். தம்மைப்போன்றவர்களோடு ஆடி, சில ஆட்டம் தோற்று, சில ஆட்டம் வென்று பழகட்டும் என்றே இந்தப் படிகளை வைத்திருக்கிறார்கள்.

ஆசிய நாடுகளுக்கென்று இன்னும் தாழ்வான ஒரு படியும் இருந்தது. அதன் பெயர் ஆசியச் சவால் கோப்பை. நம் நாடு காலடி வைத்தது அங்கேதான்.

உறைந்த குளத்திலிருந்து

இந்தியாவில் இந்த ஆட்டம் புதிதல்ல. சிம்லாவில் 1920-ஆம் ஆண்டே இயற்கைப் பனியில் ஸ்கேட்டிங் தளம் இருந்தது. ஆனால் ஆட்டம் வேர் பிடித்தது லடாக்கில். லே நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் குளங்கள் உறைந்துபோகும். ராணுவத்தினர் பொழுதுபோக்காக ஆடியதைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகளும் இறங்கினார்கள். ஸ்கேட் வாங்க வழியில்லாதவர்கள் ராணுவப் பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு பொருத்திக்கொண்டு ஆடினார்கள். அந்த இயற்கைப் பனியும் ஆண்டில் ஏறத்தாழ இரண்டு மாதந்தான் நிற்கும்.

1989-ஆம் ஆண்டு இந்தியா சர்வதேசக் கூட்டமைப்பில் உறுப்பினரானது. ஆனால் ஆண்கள் அணி முதல் சர்வதேசப் போட்டிக்குப் போனது 2009-இல், அபுதாபி ஆசியச் சவால் கோப்பைக்கு. நடுவில் இருபது ஆண்டுகள்! குளத்தில் பழகியவர்கள் முழு அளவு உள்ளரங்கத் தளத்தில் இறங்கித் தோற்றுத் திரும்பினார்கள். 2011-ஆம் ஆண்டு தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் உள்ளரங்கம் கட்டப்பட்டது. 2012-இல் சவால் கோப்பையின் ஒரு பிரிவும் அங்கே நடந்தது. பிறகு பல ஆண்டுகள் அது மூடிக் கிடந்து 2025-இல்தான் மீண்டும் உயிர் பெற்றது. கட்டுவதைவிடக் குளிர் குறையாமல் நடத்துவது கடினம் என்பதற்கு இதுவே சாட்சி.

பெண்கள் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2016-இல் லடாக் பெண்களைக் கொண்ட இந்திய அணி தைபே நகருக்குப் புறப்பட்டபோது செலவுக்குப் பணம் இல்லை. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிப் போனார்கள். ஓர் ஆட்டத்திலும் வெற்றி இல்லை. மறு ஆண்டு, 2017-இல், பாங்காக்கில் பிலிப்பைன்ஸ் அணியை 4-3 என்று வென்றார்கள். அதுவே அவர்களின் முதல் சர்வதேச வெற்றி. நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற கனடா வீராங்கனை ஹெய்லி விக்கன்ஹைசர் 2018-இல் லே நகருக்கு நேரில் வந்து பயிற்சி கொடுத்தார். அதே ஆண்டு கால்கரி நகரில் அவர் நடத்தும் பெண் பிள்ளைகளின் போட்டித் திருவிழாவுக்கும் இந்தியப் பெண்களை அழைத்தார். 2025-ஆம் ஆண்டு ஐக்கிய அரபு நாட்டின் அல் ஐன் நகரில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பையில் இந்தியா வெண்கலம் பெற்றது. தைபேயில் வெறுங்கையோடு திரும்பியது முதல் கழுத்தில் பதக்கம் ஏறியது வரை ஒன்பது ஆண்டுகள்.

அபுதாபி, அல் ஐன் என்ற பெயர்கள் நமக்கு அந்நியமா? பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர் என்று எந்த ஊரிலும் வீட்டுக்கு வீடு வளைகுடாவில் ஒருவர் இருக்கிறார். இந்தியப் பெண்கள் பதக்கம் வாங்கிய ஊரில் நம்மவர்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நமக்குச் செய்திதான் எட்டவில்லை.

நம் பக்கத்துப் பொழியூர்

"லடாக்கில் குளம் உறையும், இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். நெய்யாற்றின்கரை தாலுகாவின் தென்கோடியில் பொழியூர் இருக்கிறது. அதை அடுத்துத் தமிழ்நாட்டு எல்லை. மீன்பிடிக் குடும்பங்களின் ஊர். பிள்ளைகளுக்குப் புல்தரை இல்லை. கடற்கரை மணல் இருந்தது. அதிலே பந்து உதைத்துப் பழகி, சந்தோஷ் டிராபி ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து தந்த ஊர் என்று கேரளம் முழுவதும் பெயர் வாங்கிவிட்டது. 2018-இல் கொல்கத்தாவில் வங்காளத்தை வென்று கேரளம் கோப்பை வாங்கியபோது, அந்த அணியில் பொழியூர்க்காரர் சீசன் ஆடினார். லடாக்குக்குக் குளம் என்றால் பொழியூருக்கு மணல். இருப்பதில் தொடங்கியவர்கள் அவர்கள்.

அப்படியானால் எங்கள் தெருப் பையனிடம் இருப்பது என்ன? சக்கரம்.

சக்கரத்தில் ஒரு சென்னைப் பையன்

பனிக்குப் போகும் வழிகளில் சக்கர ஸ்கேட்டிங் ஒன்று. உடலைச் சாய்ப்பது, காலை மாற்றி உந்துவது, விழுந்து எழுவது எல்லாம் பெரும்பாலும் ஒன்றே. நிறுத்தும் விதந்தான் மாறும். சக்கரத்திலேயே ஹாக்கிப் போட்டிகளும் நம் நாட்டில் நடக்கின்றன.

சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2021-இல் கொலம்பியாவில் நடந்த உலக இளையோர் சக்கர ஸ்கேட்டிங் போட்டியில் வெள்ளி வென்றார். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3,000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்திய ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் வெண்கலம் கிடைத்தது. ஆண்கள் அணியில் இவர் இருந்தார். பெண்கள் அணியில் தமிழ்நாட்டின் ஆரத்தி கஸ்தூரிராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் இருந்தனர். 2025-இல் சீனாவில் 1,000 மீட்டரில் தங்கம் வென்று ஆனந்த்குமார் உலகச் சாம்பியனே ஆனார். பனியே பெய்யாத சென்னையில் வளர்ந்தவர்தான் அவர்.

வெப்ப நாடுகள் ஐஸிலும் முன்னேறுகின்றன. 2017-இல் கோலாலம்பூர் தென்கிழக்காசிய விளையாட்டில் ஐஸ் ஹாக்கியை முதன்முறையாகச் சேர்த்தபோது தங்கம் வென்றது பிலிப்பைன்ஸ். வணிக வளாகத் தளங்களில் வளர்ந்த ஆட்டம் அவர்களுடையது.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

ஆசை காட்டிவிட்டு உண்மையை மறைப்பது பாவம். ஆகவே கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இது செலவான ஆட்டம். ஸ்கேட்டும் கவசங்களும் விலை கூடியவை. வளரும் பிள்ளைக்கு அடிக்கடி மாற்ற வேண்டும். நம் ஊரிலிருந்து லே நகருக்குச் சாலை வழி மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஐஸ் ஹாக்கியே பிழைப்பாகும் என்று எண்ணிப் பிள்ளையை இறக்க வேண்டாம்.

இரண்டாவது, கவசம் இல்லாமல் சக்கரத்தில்கூட ஏற விடாதீர்கள். தலை, மணிக்கட்டு, முழங்கால் மூன்றுக்கும் கவசம் வேண்டும். சாலையில் விட வேண்டாம். பள்ளி மைதானமோ மண்டபத் தரையோ கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, எல்லையோரத்தில் வாழும் நமக்கே உரிய தொல்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்துக்குப் போயின, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் நம் பிள்ளைகளுக்குப் படிப்பு ஒருபுறம், பூர்வீகச் சான்று மறுபுறம். பள்ளிப் பதிவில் தந்தை பெயர் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஒரு விதம். வயதுப் பிரிவுப் போட்டிகளில் பிறந்த ஆண்டை வைத்தே சேர்க்கிறார்கள். வெளிநாடு போக இந்தியக் குடியுரிமையும் பாஸ்போர்ட்டும் வேண்டும். ஆகவே பெயரும் பிறந்த தேதியும் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். எந்த மாநிலத்துக்கு ஆடலாம் என்பதை அந்தந்த விளையாட்டுச் சங்கத்திடம் முதலிலேயே எழுதிக் கேளுங்கள். விளையாட்டே வேண்டாம் என்றிருப்பவர்களுக்கும் இந்த வேலை பின்னால் உதவும்.

நான்காவது, தோற்றால் திட்டாதீர்கள். தைபேயில் தோற்றவர்களை வீட்டில் உட்காரச் சொல்லியிருந்தால் அல் ஐன் பதக்கம் வந்திருக்காது.

இவ்வளவையும் அந்தத் தாயிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தோற்கதுக்கு நான் பயப்படல்ல அண்ணாச்சி. விழுந்தா தூக்க ஆளில்லாம போயிருமோன்னுதான் பயம்" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. பக்கத்து வீட்டிலேயே இருந்துகொண்டு, அவன் ஓடுவதை வேடிக்கை பார்த்தேனே தவிர ஒருநாளும் கூட நின்றதில்லை. அவர் கணவர் அபுதாபியில் இருக்கிறார்; நான் இங்கேதானே இருக்கிறேன்? சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் நான் வந்து நிற்பதாகச் சொன்னேன். ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் வாங்கிய பிறகுதான் என்று அவர் நிபந்தனை போட்டார். பரீட்சை மாதத்தில் கிடையாது என்றும் சொன்னார். இரண்டும் நியாயமான நிபந்தனை. பையன் இரண்டுக்கும் தலையாட்டினான்.

போன சனிக்கிழமை ஏழு முறை விழுந்தான், நான் எண்ணினேன். எட்டாவது முறை, "மாமா, தூக்க வேண்டாம், நானே எழும்புகேன்" என்றான்.

நம் சங்க அன்பர்கள் வீட்டில் இப்படி ஆசைப்படும் பிள்ளைகள் இன்னும் இருந்தால், கூட நிற்க ஓர் ஆள் இருக்கிறேன் என்று தெரிவித்துக்கொள்கிறேன். சனிக்கிழமை மாலை வாருங்கள். ஹெல்மெட்டை மட்டும் மறக்காதீர்கள்.