சபையை நாட்டுபவரைச் சட்டம் கைவிடும் இடம்

திருச்சபை நாட்டுதல் என்றவுடன் வெள்ளைக்கார மிஷனரியின் உருவமே பலருக்கும் நினைவில் எழுகிறது. தெலுங்கு நாட்டின் ஓங்கோல் வட்டாரத்தில் நடந்தது வேறு. அங்கே ஊர் ஊராகச் சபைகளை உருவாக்கியவர்கள் மாதிகா சமூகத்து உபதேசியார்கள்.

அவர்களுள் முன்னவரான யெர்ரகுண்ட்லா பேரையா தோல் வணிகர்; யோக மரபில் சீடர்களைக் கொண்டிருந்த குருவும்கூட. 1866இல் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃபிடம் ஞானஸ்நானம் பெற்றார். மறு ஆண்டின் முதல் நாளில் ஓங்கோல் சபை எட்டே உறுப்பினர்களுடன் தொடங்கியது. பேரையா மிஷன் வளாகத்திற்குள் ஒதுங்கவில்லை. உறவுமுறை வழியாகவும் பழைய சீடர்கள் வழியாகவும் மாதிகா குடியிருப்புகளுக்குச் சென்றார். இளையோர் மூத்தவர்களுடன் நடந்தே பணியைக் கற்றனர்; மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஓங்கோலில் கூடினர். பெரும்பஞ்சத்திற்குப் பின் 1878 ஜூலை 3 அன்று குண்ட்லகம்மா ஆற்றில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அதை அளித்த கைகள் கிளஃபுடையவை அல்ல, ஆறு இந்திய உபதேசியார்களுடையவை. மிஷன் வரலாறுகள் எண்ணிக்கையை நினைவில் வைத்த அளவிற்கு அந்த அறுவரை வைத்ததில்லை.

புதிய விசுவாசிகளுக்குச் சொல்லப்பட்ட விதிகள் மூன்று: ஞாயிறன்று வேலை செய்யாதே, செத்த மாட்டின் இறைச்சியை உண்ணாதே, உருவங்களை வணங்காதே. சமய ஒழுக்கமாகத் தோன்றும் இவற்றை நாம் உழைப்பு உறவின் கோணத்திலிருந்து வாசிக்கிறோம். அழைத்தபோதெல்லாம் வெட்டி வேலைக்கு வர வேண்டியவர் வாரத்தில் ஒரு நாள் வர மறுத்தார்; திருவிழாவுக்குப் பறையடிக்கவும் மறுத்தார். ஆதிக்கச் சாதியினரின் பதில் அடியாகவும் பொய் வழக்காகவும் வந்தது.

இன்று அதே நிலை ஏற்பட்டால் சட்டம் என்ன செய்யும்? 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்களையும், பின்னர் 1956இல் சேர்க்கப்பட்ட சீக்கியரையும், 1990இல் சேர்க்கப்பட்ட பௌத்தரையும் மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. 1985இல் உச்ச நீதிமன்றத்தில் அதை எதிர்த்த சூசை, சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்தவர். ஞானஸ்நானம் அவருடைய தொழிலையோ இருந்த இடத்தையோ மாற்றவில்லை. அரசின் பெட்டிக்கடைத் திட்டம் மட்டும் அவருக்கு இல்லை என்றாயிற்று. மதம் மாறிய பின்னும் அதே அளவில் பாதிப்பு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லையென நீதிமன்றம் மனுவைத் தள்ளியது.

2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் இந்தத் தர்க்கத்தை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திற்கும் பொருத்தியது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தித் தாக்கியதாகப் புகார் அளித்தவர் ஒரு கிராமப் போதகர். பத்தாண்டுகளாகப் போதகராக இருப்பவர் பட்டியல் சாதியினர் அல்லர், சாதிச் சான்றிதழ் ரத்தாகாமல் இருப்பது அவருக்கு உதவாது எனக் கூறி நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. தாக்கியவர் சாதியைப் பார்த்தாரா மதத்தைப் பார்த்தாரா என்பது விசாரணைக்கே வரவில்லை.

இத்தீர்ப்பின் சுமை எல்லா விசுவாசிகள் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. ஜெபத்திற்கு மட்டும் வருபவர் பெயரிலும் சான்றிதழிலும் இந்துவாகவே தொடர முடிகிறது. சபையை நாட்டுபவரோ மேடையில் நிற்கிறார், இளைஞர்களைப் பயிற்றுவிக்கிறார், ஊரறிய ‘பாஸ்டர்’ என அழைக்கப்படுகிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அந்த ஒரு சொல்லே போதும். அவரிடம் பயிலும் மாணவரும், உதவித்தொகையைக் கருதி, ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட வேண்டியவராகிறார்.

மூன்றாம் பத்தியை நீக்க வேண்டுமென ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பரிந்துரைத்தது. 2022இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

இதற்கிடையே தாக்கப்படும் போதகருக்குப் புகார் எழுதும் தோழர்கள் வன்கொடுமைப் பிரிவுகளோடு நிறுத்திவிட வேண்டாம். வழிபாட்டுக் கூட்டத்தைக் குலைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 300ஆம் பிரிவின்படி குற்றம். காயம், மிரட்டல், அத்துமீறல் ஆகியவற்றையும் முதல் தகவல் அறிக்கையிலேயே தனித்தனியாகக் குறிப்பிடச் செய்யுங்கள். ஜெபத்தில் உடனிருந்தவர்களுள் பட்டியல் சாதிச் சான்றிதழ் உடைய இந்துக்கள் இருந்து, அவர்களும் இழிவுபடுத்தப்பட்டிருந்தால், அவர்களின் புகாரைத் தனியே பதிவு செய்யுங்கள்.